செம்பனைப் பழ லாரி அப்பாவை அடித்துவிட்டது. 3,000 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) கொடுத்துக் கையெழுத்து கேட்கிறார்கள். என்ன செய்வது?

லங்காப் மகள்:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். எது முக்கியம், எது தேவையில்லை என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அப்பாவுக்கு 52 வயது. பேராவில் லங்காப் பக்கம் ஒரு செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டத்தில் பழக்குலை வெட்டுகிறார். போன மாதம் ஒரு காலையில் பெரட்டுக்கு (காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடம்) போக மோட்டார் சைக்கிளில் கிளம்பினார். விடிந்திருக்கவில்லை. மெயின் ரோட்டில் போய்க்கொண்டிருந்தபோது, செம்மண் பாதையிலிருந்து குலை ஏற்றிய லாரி ஒன்று நிற்காமல் வெளியே வந்து வலது பக்கம் திரும்பியிருக்கிறது. லாரியின் தலை ரோட்டைக் கடந்துவிட்டது, உடம்பு குறுக்கே கிடந்தது. அப்பா அதன் நடுவில் போய் அடித்தார். பக்கவாட்டில் ஒரு விளக்குகூட எரியவில்லை என்கிறார். இடது தொடை எலும்பு உடைந்துவிட்டது, முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பும் உடைந்துவிட்டது. இரண்டிலும் கம்பி வைத்திருக்கிறார்கள். தலைக்கவசம் போட்டிருந்ததால் தலைக்கு ஒன்றும் இல்லை.

லாரி ஓட்டியது நம் பையன்தான், இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயது இருக்கும். ஓடிப்போகவில்லை. ஆம்புலன்ஸ் வரும்வரை அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அதனால் அவன் மேல் கேஸ் போட அப்பாவுக்கு மனசே இல்லை. "பாவம், அவன் எங்கிருந்து பணம் கட்டுவான்" என்றுதான் திரும்பத் திரும்பச் சொல்கிறார்.

வார்டுக்கு லாரி முதலாளியின் ஆள் ஒருவர் வந்தார். 3,000 வெள்ளி ரொக்கமும் மலாயில் டைப் அடித்த ஒரு தாளும் கொண்டுவந்தார். இதை வாங்கிக்கொண்டால் முழுமையான, இறுதியான தீர்வு, மேற்கொண்டு யார் மேலும் எதுவும் கோரமாட்டேன் என்று அதில் எழுதியிருந்தது. "உங்க அப்பாதானே வந்து மோதினார், முதலாளி மனிதாபிமானத்தில் கொடுக்கிறார்" என்றார். வாங்கவில்லை. மறுநாள் வேறு ஒருவர் வந்தார். வக்கீல் ஆபீஸ் என்று சொல்லிக்கொண்டு ஒரு பாரத்தில் அப்பாவின் பெருவிரல் ரேகை கேட்டார். கேஸ் ஜெயித்தால் 30 விழுக்காடு அவர்களுக்காம், தோற்றால் காசு வேண்டாமாம். அதற்கும் இன்னும் சரி சொல்லவில்லை.

இன்னும் இரண்டு விஷயம் மனதை அரிக்கிறது. லாரிக் கதவில் ஈப்போவில் இருக்கும் ஒரு கம்பெனியின் பெயர் எழுதியிருக்கிறது. ஆனால் அந்தப் பையன் தனக்குக் கையில் சம்பளம் கொடுப்பது இங்கே இருக்கும் வேறொரு தவுக்கே (முதலாளி) என்கிறான். அப்படியானால் யாரிடம் கேட்பது? அடுத்தது, அப்பாவின் மோட்டாருக்கு ரோட்டெக்சும் (சாலை வரி) இன்சூரன்சும் அந்த வாரம்தான் முடிந்திருந்தன. அதை வைத்து ஒன்றும் கிடைக்காது என்று லாரி முதலாளியின் ஆள் மிரட்டுகிறார்.

அப்பாவால் இனி அந்த நீளக் கழியைத் தூக்கிக் குலை வெட்ட முடியுமா என்று டாக்டர் இன்னும் சொல்லவில்லை. வேலை போனால் தோட்டத்து வீடும் போய்விடும். அம்மா தூங்குவதே இல்லை. தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.


கோர்ட் கிராணி:

தங்கச்சி, நான் வக்கீல் இல்லை. கீழ்ப் பேராவில் வக்கீல் ஆபீசில் கிராணியாக (எழுத்தராக) இருந்து ஓய்வு பெற்றவன். என் கையில் வந்த கோப்புகளில் பாதிக்கு மேல் சாலை விபத்துக் கேஸ்தான். நான் சொல்வதைக் கேட்டுக்கொண்டு அப்புறம் ஒரு வக்கீலிடமும் போங்கள்.

முதலில் அந்தத் தாள். அதில் கையெழுத்து போடக் கூடாது. அப்பாவையும் போடவிட வேண்டாம். "முழுமையான, இறுதியான" என்று எழுதிய தாளில் கையெழுத்து விழுந்துவிட்டால், ஆறு மாதம் கழித்துக் கால் கட்டையாகிப்போனாலும், கம்பியை எடுக்க இன்னொரு ஆபரேஷன் வந்தாலும், அந்தத் தாளைத்தான் கோர்ட்டில் முதலில் நீட்டுவார்கள். தொடை எலும்பு எப்படிக் கூடும் என்று இந்த நேரத்தில் எந்த டாக்டராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. அது தெரியாமல் எந்தத் தொகைக்கும் ஒப்புக்கொள்ள முடியாது. அவர்கள் அவசரப்படுவதே அதனால்தான்.

அடுத்து அப்பாவின் மனக்கஷ்டம். அவரிடம் இதைப் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள். அந்தப் பையனின் பெயர் வழக்கில் முதல் பிரதிவாதியாக வரும், அது தவிர்க்க முடியாதது. ஆனால் பணம் அவன் பையிலிருந்து வராது. 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 90ஆவது பிரிவுப்படி, ரோட்டில் ஓடும் எந்த வண்டிக்கும் மூன்றாம் நபருக்கு ஏற்படும் மரணம், உடற்காயம் இரண்டுக்கும் இன்சூரன்ஸ் இருந்தே ஆக வேண்டும். கோர்ட் தீர்ப்புத் தொகையை அந்த இன்சூரன்ஸ்தான் கட்ட வேண்டும் என்று 96ஆவது பிரிவு சொல்கிறது. காயத்துக்கான தொகைக்குப் பாலிசியில் உச்சவரம்பும் கிடையாது. முதலாளி வருடா வருடம் பிரீமியம் கட்டுவது இதற்காகத்தான். அந்தப் பையனைக் காப்பாற்றுவதாக நினைத்து உங்கள் அப்பா விட்டுக்கொடுத்தால், லாபம் அந்தப் பையனுக்கு இல்லை.

இப்போது முதலாளி யார் என்ற கேள்வி. வேலை நேரத்தில் வேலைக்காக வண்டி ஓட்டிய ஆள் செய்த கவனக்குறைவுக்கு அவனை வேலைக்கு வைத்தவரும் பொறுப்பு. இது நம் நாட்டுக் கோர்ட்டுகளில் நன்றாக வேரூன்றிய சட்டம். உங்கள் கேசில் கதவில் ஒரு பெயர், சம்பளம் கொடுப்பவர் வேறு. எனக்கு இது புதிதாகத் தெரியவில்லை. பெர்மிட் ஒருவர் பெயரில் இருக்கும், வண்டியை வேறொருவர் ஓட்டிச் சம்பாதிப்பார். நீங்கள் இதைத் துப்பறிய வேண்டியதில்லை. வக்கீல் ஜேபிஜேயில் (சாலைப் போக்குவரத்து இலாகா) தேடி, பதிவில் உள்ள உரிமையாளர் யார், இன்சூரன்ஸ் எது என்று எடுப்பார். ஓட்டுநர், பதிவு உரிமையாளர், தொழில் நடத்துபவர் என்று மூவரையும் பிரதிவாதியாகச் சேர்ப்பார். யார் எவ்வளவு பொறுப்பு என்று அவர்கள் தங்களுக்குள் சண்டை போட்டுக்கொள்ளட்டும். உங்களிடம் இருக்க வேண்டியது லாரியின் நம்பர், கதவில் எழுதியதன் படம், அந்தப் பையன் சொன்ன தவுக்கேயின் பெயர். இன்றைக்கே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். அந்த லாரி தோட்டத்துடைய சொந்த லாரி இல்லையே? அப்பாவுக்குச் சம்பளம் கொடுக்கும் அதே கம்பெனியின் லாரியாகவும் அதே கம்பெனியின் ஓட்டுநராகவும் இருந்தால் கதை மாறும். 1969ஆம் ஆண்டு தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் 31ஆவது பிரிவு, சொக்சோவில் (அந்தச் சட்டப்படி நடக்கும் தொழிலாளர் காப்புறுதித் திட்டம்) சேர்ந்த தொழிலாளி வேலைக் காயத்துக்காகத் தன் முதலாளி மேலும் சக தொழிலாளி மேலும் வழக்குப் போடுவதைத் தடுக்கிறது. தோட்ட லாரியில் பின்னால் ஏறிப்போய் விழுந்தவர்கள் பலருக்கு இந்தப் பிரிவுதான் குறுக்கே நின்றது. நீங்கள் எழுதியதைப் பார்த்தால் இது குத்தகை லாரி என்று தெரிகிறது. அப்படியானால் தடை இல்லை.

ரோட்டெக்ஸ் முடிந்தது ஒரு குற்றம்தான், அதற்குச் சம்மன் வரலாம், கட்டிவிடுங்கள். ஆனால் லாரி விளக்கில்லாமல் ரோட்டில் குறுக்கே வந்ததற்கும் அப்பாவின் ரோட்டெக்சுக்கும் என்ன சம்பந்தம்? கோர்ட் பார்ப்பது விபத்து யாரால் நடந்தது என்பதை. அப்பாவின் பக்கம் கொஞ்சம் தவறு இருப்பதாக நீதிபதி நினைத்தாலும் (வேகம் அதிகம், கவனிக்கவில்லை என்று எதிர்த்தரப்பு நிச்சயம் சொல்லும்), 1956ஆம் ஆண்டு சிவில் சட்டத்தின் 12ஆவது பிரிவுப்படி அந்தப் பங்குக்குத் தொகையைக் குறைப்பார்கள். 20 விழுக்காடு அப்பா மேல் என்றால் மீதி 80 கிடைக்கும். "நீங்கள்தான் மோதினீர்கள், அதனால் ஒன்றுமே கிடையாது" என்பது சட்டத்தில் இல்லை. குறுக்கே நிற்கும் லாரியின் நடுவில் மோதியவர் எப்போதும் "மோதியவர்" என்றுதான் தெரிவார். அந்த லாரி ஏன் குறுக்கே வந்தது என்பதுதான் கேள்வி.

30 விழுக்காடு கேட்ட ஆளை அனுப்பிவிடுங்கள். ஜெயித்தால் இவ்வளவு, தோற்றால் ஒன்றுமில்லை என்று வக்கீல் ஒப்பந்தம் போடுவதை 1976ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டத்தின் 112ஆவது பிரிவு தடை செய்திருக்கிறது. வார்டில் சுற்றி ரேகை வாங்குகிறவர்களுக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்றே தெரியாது. மலேசிய வழக்கறிஞர் மன்றத்தின் இணையப் பக்கத்தில் பெயர் போட்டுத் தேடினால் ஒருவர் உண்மையில் வக்கீலா என்று தெரிந்துவிடும். தெலுக் இந்தானிலோ ஈப்போவிலோ விபத்துக் கேஸ் நடத்தும் வக்கீலை நேரில் போய்ப் பாருங்கள். சாலை விபத்து என்றால் தொகை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் செஷன்ஸ் கோர்ட்டே விசாரிக்கலாம். அதனால் கோலாலம்பூர் வரை ஓட வேண்டியிருக்கும் என்று பயப்பட வேண்டாம்.

காலக்கெடு 6 வருடம். லாரி அரசாங்கத்துடையது என்றால் 36 மாதம்தான், உங்களுக்கு அது பொருந்தாது. 6 வருடம் இருக்கிறதே என்று தள்ளிப்போடவும் கூடாது, சாட்சி கரைந்துபோகும். வழக்குப் பதிவதற்கு முன்போ, பதிந்த 7 நாளுக்குள்ளோ இன்சூரன்சுக்கு அறிவிப்புக் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்காவிட்டால் தீர்ப்பு வாங்கினாலும் இன்சூரன்ஸ் கைகழுவலாம். வக்கீல் அதைச் செய்வார், ஆனால் செய்தாரா என்று நீங்கள் ஒரு வார்த்தை கேளுங்கள்.

எவ்வளவு கிடைக்கும் என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் 3,000 எவ்வளவு சிறிய தொகை என்று புரிவதற்காகச் சொல்கிறேன். வலிக்கும் வேதனைக்கும் ஒரு தொகை உண்டு. அதற்கு வழக்கறிஞர் மன்றத்தின் தொகுப்பு ஒன்று இருக்கிறது, ஒவ்வொரு எலும்புக்கும் ஒரு வரம்பு போட்டிருக்கும், 2018இல் புதுப்பித்தார்கள். நீதிபதிகள் அதை வழிகாட்டியாகப் பார்ப்பார்கள். இது தவிர இதுவரை ஆன செலவு, இதுவரை போன சம்பளம், இனி போகப்போகும் சம்பளம். கடைசியில் சொன்னதற்கு சிவில் சட்டம் 28ஏ பிரிவில் கணக்கு இருக்கிறது. 31 முதல் 59 வயது வரை உள்ளவர் என்றால், 60இலிருந்து வயதைக் கழித்து இரண்டால் வகுக்க வேண்டும். 2019 செப்டம்பருக்கு முன்னால் அது 55ஆக இருந்தது. அப்பாவுக்கு 60 கழித்தல் 52, அதில் பாதி 4. அவர் இனி எந்த வேலையும் செய்ய முடியாது என்று வைத்துக்கொள்வோம். மாதம் 1,700 சம்பளம் என்றால் 1,700ஐ 12ஆல் பெருக்கி 4ஆல் பெருக்கினால் 81,600. இதில் அவருடைய சொந்தச் செலவைக் கழிப்பார்கள். இலகுவான வேலை செய்ய முடியும் என்றால், முன்பு வாங்கியதற்கும் இனி வாங்கப்போவதற்கும் உள்ள வித்தியாசம் மட்டும்தான் கணக்கில் வரும். குலைக் கணக்கில் கூடுதலாக வாங்கியிருப்பார் அல்லவா? அந்தச் சம்பளச் சீட்டுகளையெல்லாம் தேடி எடுங்கள், ஈபிஎஃப் (சேமநிதி) பட்டியலையும் எடுங்கள். காகிதத்தில் இல்லாத வருமானத்தைக் கோர்ட்டில் நிரூபிப்பது மிகவும் கஷ்டம்.

சொக்சோ தனி. அதைப் பற்றி யாராவது எழுதாவிட்டால் நானே பிறகு எழுதுகிறேன், கண் வலிக்கிறது.


பத்து டயர்:

தங்கச்சி, நான் லாரி ஓட்டுகிறவன். பீடோர், லங்காப், தெலுக் இந்தான் ரோடு எனக்கு மனப்பாடம். பழ லாரியும் ஓட்டியிருக்கிறேன். கிராணி ஐயா சட்டம் சொல்லிவிட்டார், நான் லாரிப் பக்கம் இருந்து சொல்கிறேன்.

அந்தப் பையனுக்கு மாதச் சம்பளமா, ட்ரிப் கணக்கா என்று கேளுங்கள். பழ லாரியில் பெரும்பாலும் ட்ரிப்புக்கு இவ்வளவு, டன்னுக்கு இவ்வளவு என்றுதான் கொடுப்பார்கள். செம்பனை எண்ணெய் மில்லில் வரிசை நீளும் முன்னால் போய்ச் சேர்ந்தால் இன்னொரு ட்ரிப் அடிக்கலாம். விடியும் முன்னால் ஏற்றிக்கொண்டு கிளம்புவது அதற்குத்தான். அந்த அவசரம் பையனுடையது மட்டும் இல்லை, கணக்குப் போட்டவருடையதும்.

அப்புறம், மில்லுக்குள் நுழையும் ஒவ்வொரு லாரியும் எடைபோடும் தட்டில் ஏறும். சீட்டில் லாரி நம்பர், நேரம், ஏற்றிய எடை எல்லாம் அச்சாகும். முந்தின நாள் அந்த லாரி எத்தனை மணிக்குக் கடைசியாக எடை போட்டது என்று பார்த்தால் பையன் எவ்வளவு நேரம் தூங்கினான் என்று தெரிந்துவிடும். எத்தனை முறை அளவுக்கு மேல் ஏற்றினார்கள் என்பதும் தெரியும். லாரியில் ஜிபிஎஸ் இருந்தால் அதிலும் வேகம் இருக்கும். இதையெல்லாம் பத்திரமாக வைக்கச் சொல்லி வக்கீலைவிட்டு உடனே கம்பெனிக்கும் மில்லுக்கும் கடிதம் அனுப்பச் சொல்லுங்கள். தாமதமானால் "பழைய பதிவு அழிந்துவிட்டது" என்பார்கள்.

வணிக வாகனத்துக்கு 6 மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை உண்டு. பக்க விளக்கு எரியவில்லை என்றால் கடைசியாக எப்போது பரிசோதனைக்குப் போனது என்று கேளுங்கள். பரிசோதனைக்குப் போகும் அன்று விளக்கைச் சரிசெய்துவிட்டு, வந்த மறுநாளே சேற்றில் மூழ்கவிடுகிற லாரிகளை நான் பார்த்திருக்கிறேன். செம்மண் பாதையில் ஓடும் லாரியில் விளக்கு எரிந்தாலும் மண் அப்பி மூடியிருக்கும். யாராவது அன்றைக்கே படம் எடுத்திருந்தால் அந்தப் படம் தங்கம்.

2025 மே 13 நினைவிருக்கும். இதே தெலுக் இந்தான் பக்கம், சிக்குஸ் ரோட்டில், கல் ஏற்றிய லாரி கலகத் தடுப்புப் போலீஸ் வண்டியில் மோதி 9 பேர் போனார்கள். அதற்கு அப்புறம் பெர்மிட்டைக் குத்தகைக்கு விடுவது பற்றி நாடே பேசியது. அதுவரை நாங்கள் ஓட்டுநர்கள் சொன்னதை யார் கேட்டார்கள்? எப்போதும் ஓட்டுநரின் லைசென்சைப் பிடுங்கிவிட்டு விஷயத்தை முடித்துவிடுவார்கள். உங்கள் அப்பா அந்தப் பையனைப் பற்றி யோசிக்கிறாரே, அதற்கு அவருக்கு என் வணக்கம். ஆனால் ஐயா சொன்னது சரி. கேஸ் போட்டால்தான் அந்த லாரியை அப்படி ஓட்டவைத்தவர்கள் பதில் சொல்வார்கள். விட்டால் நாளைக்கு அதே லாரியில் அதே விளக்கோடு வேறு ஒரு பையன் உட்கார்ந்திருப்பான்.

இன்னொன்று. பையனிடம் கம்பெனிக்காரர்கள் வேறு மாதிரி போலீஸ் ரிப்போர்ட் எழுதவைப்பார்கள். "மோட்டார் வேகமாக வந்தது, நான் நின்று பார்த்துத்தான் திரும்பினேன்" என்று. அப்பா தன் ரிப்போர்ட்டைத் தானே கொடுத்தாரா?


சித்தியவான் அம்மா:

மகளே, உன் அம்மாவை நினைத்துத்தான் எழுதுகிறேன். என் கணவர் 2016இல் லாரி விபத்தில் போய்ச் சேர்ந்தார். பிள்ளைகள் இரண்டும் அப்போது பள்ளிக்கூடம். உன் அப்பா உயிரோடு இருக்கிறார், அந்தக் கடவுளுக்கு நன்றி சொல். என் அனுபவத்தில் உனக்கு உதவுவது சிலதுதான், ஆனால் இதைப் படிக்கும் வேறு யாருக்காவது மற்றதும் தேவைப்படலாம்.

இறந்துபோனவர்களின் குடும்பத்துக்குக் காலக்கெடு 6 வருடம் இல்லை. அவரை நம்பி வாழ்ந்தவர்கள் இறந்த நாளிலிருந்து 3 வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். எங்கள் பக்கத்தில் ஒரு குடும்பம் போலீஸ் கேஸ் முடியட்டும் என்று காத்திருந்தே அந்த மூன்று வருடத்தையும் தாண்டிவிட்டது. போலீஸ் கேஸ் வேறு, இழப்பீட்டுக் கேஸ் வேறு. ஒன்று முடியும் வரை மற்றது நிற்க வேண்டியதில்லை. துக்கத்துக்கென்று சட்டம் ஒரு தொகை வைத்திருக்கிறது, எனக்கு அது 10,000 வெள்ளியாக இருந்தது. 2019 செப்டம்பர் 1 முதல் 30,000 ஆக்கியிருக்கிறார்கள். ஒரு மனிதருக்கு 10,000 என்று அந்தத் தாளில் பார்த்த அன்று எனக்கு ஏற்பட்ட கோபம் இன்னும் தணியவில்லை. ஆனால் அது தனிக் கணக்கு. பிள்ளைகளை வளர்க்க அவர் கொடுத்துவந்த பணத்துக்கான இழப்பீடு வேறாக வந்தது. பிள்ளைகளின் பங்கை அமானா ராயாவில் (அரசாங்க அறங்காவல் நிறுவனம்) போடச் சொன்னது கோர்ட். அதுவும் நல்லதுக்குத்தான், இல்லாவிட்டால் ஆளாளுக்குக் கடன் கேட்டு வந்திருப்பார்கள்.

உனக்குச் சொல்ல வேண்டியது ரசீது. ஆஸ்பத்திரிக்குப் போகும் ஒவ்வொரு பெட்ரோல் ரசீதும், பெம்பர்ஸ், கட்டுத் துணி, வாக்கர், எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் டின்னில் போடு. அம்மா வேலையை விட்டுவிட்டு அப்பாவைப் பார்த்துக்கொள்கிறாள் என்றால் அதையும் எழுதி வை. வீட்டுப் பெண் செய்கிற சேவைக்கும் கோர்ட்டில் தொகை கேட்கலாம். எனக்கு இது தெரிந்தது என் மாமியார் கேசில். அவருக்கும் ஒரு விபத்தில் இடுப்பு உடைந்தது, நான்தான் பார்த்துக்கொண்டேன். வக்கீல் கேட்டபோது நாங்கள் எல்லாம் இது கடமை என்றே சொன்னோம். "கடமைதான் அம்மா, ஆனாலும் ஆள் வைத்திருந்தால் காசு கொடுத்திருப்பீர்கள் இல்லையா" என்றார் அந்த வக்கீல்.

சொக்சோவுக்கு உடனே போ. காலையில் பெரட்டுக்குப் போகும் வழி என்றால் அது வேலைக் காயம்தான்.


லங்காப் மகள்:

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. அம்மாவுக்கு உங்கள் பதில்களைப் படித்துக் காட்டினேன். சித்தியவான் அம்மா எழுதியதைக் கேட்டு அழுதார், அப்புறம் எழுந்து சாப்பிட்டார்.

லாரி தோட்டத்துடையது இல்லை, குத்தகைக்காரருடையது. பையன் ட்ரிப் கணக்கில்தான் ஓட்டுகிறான், அண்ணன் சொன்னது சரி. லாரியின் பக்கவாட்டை அன்றைக்கே கைத்தொலைபேசியில் படம் எடுத்த ஒருவர் இருக்கிறார், பின்னால் பெரட்டுக்கு வந்த பக்கத்து லயத்து (தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசை) மாமா. விளக்கு முழுக்கச் செம்மண். ரோட்டில் உதிரிப் பழம் சிதறிக் கிடப்பதும் படத்தில் தெரிகிறது.

அப்பா வார்டில் இருந்ததால் சித்தப்பாதான் போலீசில் ரிப்போர்ட் கொடுத்தார். அவர் நேரில் பார்க்கவில்லை. இப்போது சிக்கல் என்னவென்றால், தோட்ட ஆபீசில் சொக்சோ பாரம் கேட்டால், தோட்டத்துக்கு வெளியே நடந்தது, அதோடு லாரி இன்சூரன்சில் வாங்கிக்கொள்வீர்கள், அதனால் சொக்சோ கிடைக்காது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். மோட்டாரைத் தூக்கிப்போய் விற்றுவிடலாமா என்று ஒரு பட்டறைக்காரரும் கேட்கிறார்.


கோர்ட் கிராணி:

தோட்ட ஆபீசில் சொன்ன இரண்டும் தவறு. வீட்டிலிருந்து வேலை இடத்துக்குப் போகும் வழியில் நடக்கும் விபத்தை 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின் 24ஆவது பிரிவு வேலைக் காயமாகவே கருதுகிறது. தோட்டத்து எல்லை என்ற பேச்சே அதில் இல்லை. வழியில் வேறு வேலைக்காகத் திரும்பிப் போயிருந்தால்தான் பிரச்சினை. அப்பா நேராகத்தானே போனார்? வீடு, விபத்து நடந்த இடம், பெரட்டுக் களம் மூன்றையும் காட்டி ஒரு வழிப்படம் வரைந்து கொடுங்கள். அதோடு போலீஸ் ரிப்போர்ட், எம்சி (மருத்துவ விடுப்புச் சான்று), அன்றைய வருகைப் பதிவு. விபத்து தெரியவந்த 48 மணி நேரத்துக்குள் முதலாளி சொக்சோவுக்கு அறிவித்திருக்க வேண்டும். அது அவர்களுடைய கடமை, உங்களுக்குச் செய்யும் உபகாரம் அல்ல. மறுபடியும் மறுத்தால் நீங்களே நேராக சொக்சோ அலுவலகத்துக்குப் போய்ச் சொல்லுங்கள், அவர்கள் முதலாளியிடம் கேட்டுக்கொள்வார்கள்.

எம்சி நான்கு நாளுக்குக் குறையாமல் இருந்தால், வேலைக்குப் போக முடியாத காலத்துக்குச் சராசரிச் சம்பளத்தில் 80 விழுக்காடு தற்காலிக ஊனத் தொகை. வீட்டில் இப்போது அரிசிக்கும் பாலுக்கும் வேண்டிய பணம் அதுதான், கோர்ட் பணம் வர நாளாகும். கால் ஓரளவு தேறிய பிறகு மருத்துவக் குழு பார்த்து நிரந்தர ஊனம் எத்தனை விழுக்காடு என்று சொல்லும். 20க்கு மேல் போனால் ஒரு பகுதியை மொத்தமாக வாங்கிக்கொண்டு மீதியை மாதாமாதம் வாங்கலாம். மலாக்காவில் சொக்சோவின் மறுவாழ்வு மையம் இருக்கிறது, நடக்கப் பழக்குவதிலிருந்து வேறு வேலைக்குப் பயிற்சி வரை அங்கே கொடுப்பார்கள். அதையும் கேட்டுப் பாருங்கள்.

சொக்சோவில் வாங்கினால் லாரி கேசில் கழிப்பார்கள் என்றால் அதுவும் தவறு. வேறு சட்டத்தின் கீழ் கிடைக்கும் உதவித்தொகையைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று சிவில் சட்டம் 28ஏ பிரிவிலேயே எழுதியிருக்கிறது. ஆகவே இரண்டும் அப்பாவுக்கு உரியவை.

சித்தப்பா ரிப்போர்ட் மட்டும் போதாது. டாக்டர் அனுமதித்தால் அப்பா சக்கர நாற்காலியில் உட்கார்ந்தாவது போய்த் தன் வாயால் இன்னொரு ரிப்போர்ட் கொடுக்க வேண்டும். வர முடியவில்லை என்றால் விசாரணை அதிகாரியை வார்டுக்கு வந்து வாக்குமூலம் எடுக்கும்படி எழுத்தில் கேளுங்கள். அதில் கட்டாயம் வர வேண்டியது: தான் மெயின் ரோட்டில் இருந்தது, லாரி செம்மண் பாதையிலிருந்து நிற்காமல் வந்தது, பக்க விளக்கு தெரியவில்லை, தன் மோட்டாரின் விளக்கு எரிந்தது. மெயின் ரோடு என்பதை அழுத்தமாகச் சொல்லச் சொல்லுங்கள். தோட்டத்துக்கு உள்ளே இருக்கும் பாதையில் நடந்திருந்தால் அது பொதுமக்கள் போகும் ரோடா, தனியார் பாதையா என்று இன்சூரன்ஸ் ஒரு வாதத்தைக் கிளப்பும். உங்களுக்கு அந்தத் தொல்லை வேண்டாம். பக்கத்து லயத்து மாமா போலீசில் சாட்சி சொல்லட்டும். அவர் எடுத்த படங்களை அழிக்காமல் அந்தக் கைத்தொலைபேசியிலேயே வைத்திருக்கட்டும். வாட்ஸ்அப்பில் வந்த நகலைவிட அசல் கோப்புக்கு மதிப்பு அதிகம். போலீஸ் வரைந்த விபத்து வரைபடத்தையும் விசாரணை முடிவையும் வக்கீல் விண்ணப்பித்து வாங்குவார். வரைபடத்தில் லாரி நின்ற இடமும் உதிரிப் பழம் கிடந்த இடமும் சரியாக இருக்கின்றனவா என்று மாமாவை வைத்துப் பாருங்கள்.

விசாரணை முடிவு எப்படி வந்தாலும் கலங்க வேண்டாம். பையனுக்குச் சம்மன் வந்ததால் மட்டும் நாம் ஜெயித்துவிடுவதில்லை, அப்பாவுக்கு வந்தாலும் தோற்றுவிடுவதில்லை. செஷன்ஸ் கோர்ட் தானே சாட்சி கேட்டு முடிவு செய்யும்.

மோட்டாரை விற்கக் கூடாது, பழுதுபார்க்கவும் கூடாது. அது எந்தக் கோணத்தில் நசுங்கியிருக்கிறது என்பதே ஒரு சாட்சி. எல்லாப் பக்கமும் படம் எடுத்து, வக்கீல் சரி என்ற பிறகு பட்டறைக்காரரிடம் மதிப்பு எழுதி வாங்குங்கள். அந்தத் தொகையையும் லாரி இன்சூரன்சில்தான் கேட்கப்போகிறோம்.